முக்காடு போட்ட திரை

ஜூன் 10, திங்கள்

இன்று புது ஆள் ஒருவர் வண்டி பழக வந்தார். தையல்கடை வைத்திருக்கும் அக்கா. "மாஸ்டர், கிளட்ச் மிதிக்கிறதும் தையல் மெஷின் மிதிக்கிறதும் ஒண்ணுதானே?" என்றார். இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வண்டி தவளை மாதிரி நாலு தாவு தாவி நின்றுவிட்டது. டிரைவிங் ஸ்கூல் வேலையில் சம்பளத்தோடு குடலுக்கு உடற்பயிற்சி இலவசம்.

சாயங்காலம் என் மகள் வாண்டு படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வழக்கமாக இவள்தான், என் மனைவிதான் போவாள். இன்று தலைவலி என்று என்னை அனுப்பினாள். "போய் உட்கார்ந்துட்டு வாங்க. வாயை மட்டும் திறக்காதீங்க" என்பது உத்தரவு. நான் திறக்கவில்லை. கையைத்தான் தூக்கினேன், மின்விசிறியைப் போடச் சொல்லலாம் என்று. அந்த நேரம் பார்த்து மேடையில் "கமிட்டியில் சேர விருப்பமுள்ளவர்கள் யார்?" என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். தலைவர் மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து தோளில் தட்டி, "இப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தோம் மாஸ்டர்" என்றார்.

ஆக, பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதியும் தாண்டாதவன் இன்று பள்ளி கமிட்டி உறுப்பினர். வீட்டுக்கு வந்து சொன்னேன். இவளுக்குத் தலைவலி போயே போய்விட்டது, சிரித்துச் சிரித்து.

ஜூன் 14, வெள்ளி

பெற்றோர் சங்கம் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய ஸ்மார்ட் போர்டுகள் இன்று வந்து இறங்கின. கதவு அகலத்துக்கு இருக்கிறது ஒவ்வொன்றும். மொத்தம் நான்கு. ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொன்று. நாலாம் வகுப்புக்கு இல்லை. அந்த வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள், பாவம்.

ஐந்தாம் வகுப்பில்தான் வாண்டு. மாட்ட வந்த ஆள் "தொட்டுப் பாருங்க சார்" என்றான். தொட்டேன். கோடு வந்தது. விட முடியவில்லை. ஒரு கார் வரைந்தேன், அதற்கு ஸ்டியரிங் வரைந்தேன், சிக்னல் வரைந்தேன்.

"அப்பா, போதும். மானத்தை வாங்காதீங்க" என்று வாண்டு காதோடு சொன்னாள்.

எங்கள் காலத்தில் கரும்பலகையில் ஒரு மூலை எப்போதும் உடைந்திருக்கும். அதனால்தான் நான் படிக்கவில்லை என்று இன்று முடிவு செய்துகொண்டேன்.

ஜூன் 19, புதன்

தையல்கார அக்காவை ஓட்டவிட்டுப் பள்ளித் தெரு வழியாகப் போனேன். அவர் ஓட்டும் வேகத்தில் தெருவில் உள்ள எல்லா ஜன்னலையும் நிதானமாகப் பார்க்கலாம். ஆறாம் வகுப்பில் திரை எரிகிறது. ஏழில் எரிகிறது. எட்டில் எரிகிறது. ஐந்தில்? பூப்போட்ட மேசைத் துணி ஒன்றைப் போட்டு மூடி வைத்திருக்கிறார் டீச்சர்!

எனக்கு வந்ததே கோபம். சாப்பிடும்போது வாண்டிடம் கேட்டேன்.

"டீச்சர் தேவைப்பட்டாத்தான் போடுவாங்கப்பா."

"தேவையில்லாமயா வாங்கி மாட்டிருக்கோம்?"

"அது உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டாள். பத்து வயதில் இந்த வாய். நிச்சயம் என் பக்கத்திலிருந்து வந்ததில்லை.

ஜூன் 22, சனி

வரலாற்றில் பொறிக்கவேண்டிய நாள். கமிட்டியில் நான் பேசினேன்!

மாட்ட வந்த ஆள் ஒரு விஷயம் காட்டியிருந்தான். வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அந்தத் திரையே தனக்குள் கணக்கு வைத்திருக்கும். அதைக் கூட்டத்தில் எடுத்துவிட்டேன். "ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தக் கணக்கை ஆபீஸ் ரூம் வாசல்ல பலகையில எழுதிப் போடுவோம். எந்த வகுப்பு எத்தனை மணி நேரம்னு எல்லாரும் பார்க்கட்டும். போட்டின்னு வந்தா தானா ஓடும்."

மருந்துக்கடைக்காரர் மேசையைத் தட்டினார். "மாஸ்டர் மூளை டாப் கியர்ல போகுதுப்பா!" அதோடு அவர் ஒன்று சேர்த்தார். ஜூலைக் கடைசியில் எந்த வகுப்பு கடைசியில் நிற்கிறதோ அதன் திரையைக் கழற்றி நாலாம் வகுப்புக்குக் கொடுத்துவிடுவது. "உபயோகிக்காதவங்களுக்கு எதுக்கு?" எல்லோரும் ஆமாம் என்றார்கள். ரொம்பச் சத்தமாகச் சொன்னது நான்.

பெரிய டீச்சர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. அழுக்காக இருந்திருக்கும்.

ஜூலை 1, திங்கள்

முதல் கணக்கு வந்தது. முதலிடம் ஆறாம் வகுப்பு. கடைசி இடம் ஐந்து.

எவ்வளவு கடைசி என்றால், மற்ற வகுப்புகளுக்கு நேராக எழுதியிருப்பது எண். ஐந்துக்கு நேராக இருப்பது ஏதோ சாக்பீஸ் தவறி விழுந்து உண்டான புள்ளி போல இருந்தது.

ஜூலை 5, வெள்ளி

வாண்டு சொல்லித்தான் தெரிந்தது, ஆறாம் வகுப்பு முதலிடம் வந்த ரகசியம். காலையில் வந்ததும் திரையில் மீன் தொட்டி வீடியோ ஒன்றைப் போட்டுவிடுகிறார்களாம். கணக்குப் பாடம் நடக்கும்போதும் மீன். வகுப்பே விளையாட்டுக்கு இறங்கிப் போனாலும் மீன். சாப்பாட்டு நேரத்தில் ஆளில்லாத அறையில் மீன் தனியாக நீந்திக்கொண்டிருக்கிறது. இதைப் பார்த்து ஏழாம் வகுப்பு அருவியைப் போட்டிருக்கிறது. எட்டாம் வகுப்பில் பெரிய பிள்ளைகள் என்பதால் கடல்.

"எங்க வகுப்புக்குப் பேரு வச்சிருக்காங்க, தெரியுமா? முக்காடு வகுப்பு."

"யாரு?"

"எல்லாருந்தான். இந்த மாசக் கடைசில எங்க போர்டைக் கழட்டிருவாங்களாம். எந்தப் புத்திசாலிப்பா இப்படி யோசிச்சது?"

இவள் அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் ஊறுகாயைப் பார்த்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

ஐந்தாம் வகுப்பு டீச்சரைப் பார்க்கப் போனேன். ஒல்லியான ஆள். சேலை முந்தானையில் எப்போதும் சாக்பீஸ் தூள். வணக்கம் சொல்லி, "டீச்சர், பிள்ளைங்களுக்காகவாவது அதைக் கொஞ்சம் ஓட விடுங்க. மீனு, அருவி, ஏதாவது..." என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்குக் காலையில வேலை இருக்கா சார்?"

"பத்து மணிக்கு மேலதான் வகுப்பு."

"அப்ப முதல் பாடத்துக்கு வந்து கடைசி பெஞ்சில உட்காருங்க."

கடைசி பெஞ்சு எனக்குப் புதிதா?

ஜூலை 10, புதன்

உட்கார்ந்துவிட்டு வந்தேன். முழங்கால் இரண்டும் தாடையைத் தொட்டன. எழுதியே ஆகவேண்டும்.

டீச்சர் ஒரு கையில் தண்ணீர் நிரம்பிய பாட்டில், மறு கையில் ஓர் அழிரப்பர். ஒரே உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் விட்டால் எது முதலில் தரையைத் தொடும்? அவ்வளவுதான் கேள்வி. பாட்டில் என்று சொல்பவர்கள் இந்தப் பக்கம், ரப்பர் என்பவர்கள் அந்தப் பக்கம், இரண்டும் ஒன்றாக என்பவர்கள் நடுவில். எழுந்து போய் நிற்கவேண்டும். நானும் எழுந்தேன். கனமானதுதானே முதலில் விழும்? இருபது வருஷம் வண்டி ஓட்டியவனுக்குத் தெரியாதா? பாட்டில் பக்கம் போய் நின்றேன். வாண்டு நடுவில் நின்றாள். என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பெஞ்சு மேல் ஏறிப் போட்டுப் பார்த்தார்கள். "பாட்டில்தான்!" "இல்லை, ரப்பர்!" மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் சண்டை. கண்ணால் பிடிக்க முடியவில்லை, அவ்வளவு வேகம். ஒருவன் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தான். ஒருத்தி கண்ணை மூடிச் சத்தத்தை மட்டும் கேட்டாள். என் பக்கத்தில் நின்ற பொடியன் என் சட்டையைப் பிடித்து, "அங்கிள், விட்டுக்கொடுத்துராதீங்க" என்றான். நான் ஏன் விட்டுக்கொடுக்கப் போகிறேன்? நானும் கத்தினேன்.

எல்லோரும் தொண்டை வறண்டு நின்றபோது டீச்சர் மெதுவாக, "அப்ப இது கண்ணால ஆகாது. என்ன செய்யலாம்?" என்றார். வகுப்பே திரும்பி அந்த முக்காட்டைப் பார்த்தது.

அப்போதுதான் துணியை எடுத்தார். வாண்டு பெஞ்சு மேல் ஏறி இரண்டையும் விட்டாள், டீச்சர் தன் போனில் படம் பிடித்தார், அதைத் திரையில் மெதுவாக ஓட்டினார். பாட்டில் இறங்குகிறது, ரப்பர் இறங்குகிறது. ஏதோ இரண்டு பேர் பேசிக்கொண்டே படியிறங்கி வருவது மாதிரி. இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சத்தியமாக.

பிள்ளைகள் "இன்னொரு தடவை!" என்று கத்தினார்கள். இன்னொரு தடவை காட்டிவிட்டு டீச்சர் திரையை அணைத்து, துணியைப் போட்டுவிட்டார். "பார்த்தாச்சு. இப்ப ஏன்னு சொல்லுங்க." மீதிப் பாடம் முழுக்க அந்த 'ஏன்'தான். பால் பொங்கும் நேரம்கூட அந்தத் திரை எரியவில்லை.

வெளியே வரும்போது, துணி எதற்கு என்று கேட்டேன்.

"திறந்து கிடந்தா அதையேதான் பாத்துக்கிட்டிருப்பாங்க சார். இப்ப பாருங்க, ஒருத்தனை ஒருத்தன் பாத்துச் சண்டை போடறாங்க. எனக்கு அதுதான் வேணும்."

ஜூலை 11, வியாழன்

இவளிடம் எல்லாம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு, "உங்க ஸ்கூல்ல யாரு ரொம்ப நேரம் ஹாரன் அடிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் லைசென்ஸா?" என்றாள்.

இருபது வருஷமாக நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு கத்தரிக்காயை நறுக்கும் நேரத்தில் சொல்லிவிட்டாள்.

சரி. பலகை யோசனை என்னுடையது. திரை போனால் அது என்னால். என்ன செய்வது?

ஜூலை 13, சனி

யோசனை வந்துவிட்டது! (என் யோசனைகளைப் பற்றி இதற்கு முன் இந்த நாட்குறிப்பில் என்ன எழுதியிருக்கிறேன் என்று திருப்பிப் பார்க்கப் போவதில்லை.)

விடுமுறை நாளில் பள்ளிக்குப் போய்க் காவலாளியிடம், "கமிட்டி மெம்பர். பிளக் பாயிண்ட் சரிபாக்கணும்" என்றேன். சாவி கொடுத்தார். பதவி சுகம் என்றால் இதுதான். ஐந்தாம் வகுப்புத் திரையை ஆன் செய்து, சத்தத்தைக் குறைத்து, துணியை முன்பு இருந்தபடியே போட்டுவிட்டு வந்தேன். திங்கள் காலை வரை ஓடட்டும். முக்காட்டுக்குள்ளேயே முதலிடம். யாருக்கும் நஷ்டமில்லை, டீச்சருக்கும் தொந்தரவில்லை.

ஜூலை 15, திங்கள்

ஐந்தாம் வகுப்பு முதலிடம். மருந்துக்கடைக்காரர் போன் செய்து, "பாத்தீங்களா மாஸ்டர்? உங்க பலகை வேலை செய்யுது" என்றார். நான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சிரித்தேன்.

அது மத்தியானம் வரை.

டீச்சர் காலையில் துணியைத் தொட்டிருக்கிறார். சுட்டிருக்கிறது. காவலாளியைக் கேட்டிருக்கிறார். "மெம்பர் சார்தான் வந்துட்டுப் போனாரு." உணவு இடைவேளையில் எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, ஆபீஸ் ரூம் வாசலுக்குப் போய், தன் வகுப்புக்கு நேரே இருந்த எண்ணைத் தன் கையாலேயே அழித்துவிட்டாராம். "இது நாங்க ஓட்டினது இல்லை" என்று மட்டும் சொன்னாராம்.

வாண்டு பையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று இதைச் சொன்னாள். அப்புறம்—

"டீச்சர் உங்க பேரைச் சொல்லவே இல்லை. ஆனா வாட்ச்மேன் சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சு. டீச்சர் அழிச்சப்ப எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க. பலகையும் உங்க ஐடியாதானாம். அதையும் சொன்னாங்க."

"இல்லடா, அப்பா உங்க வகுப்புக்காகத்தான்..."

"எங்க வகுப்புக்கு நீங்க எதுவுமே செய்யாதீங்கப்பா."

அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என்ன புத்தி இது எனக்கு? நல்லது செய்யப் போகும்போதெல்லாம் இந்தக் கை ஏன்தான் முந்திக்கொண்டு போகிறதோ.

ஜூலை 16, செவ்வாய்

டீச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அந்த போர்டு வேணும் சார். ஆனா இப்படி வேண்டாம்" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

ஜூலை 18, வியாழன்

வாண்டு என்னோடு பேசுவது இப்போது அம்மா வழியாகத்தான். "அம்மா, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க." உப்பு என் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. "அம்மா, தள்ளிட்டேன்னு சொல்லு" என்றேன் நானும் இவளைப் பார்த்து. "ரெண்டு பேருக்கும் நான் என்ன தபால்காரியா?" என்று இவள் உப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு பேரும் உப்பில்லாமல் சாப்பிட்டோம்.

ஜூலை 23, செவ்வாய்

தையல்கார அக்கா மூன்றாம் கியரில் போனார். சந்தோஷப்பட மனசு வரவில்லை. "என்ன மாஸ்டர், நான் ஒழுங்கா ஓட்டினா உங்களுக்குப் பிடிக்கலையா?" என்றார்.

வெள்ளிக்கிழமை கமிட்டி. அன்று முடிவு செய்து திரையைக் கழற்றிவிடுவார்கள்.

ஜூலை 26, வெள்ளி

கூட்டம் பள்ளி நேரத்திலேயே, பெரிய டீச்சர் அறையில். ஸ்க்ரூ டிரைவரோடு எலக்ட்ரீஷியனும் வெளியே தயாராக இருந்தார். மருந்துக்கடைக்காரர், "ஐந்தாம் வகுப்புத்தான் கடைசி. பேசறதுக்கு ஒண்ணும் இல்லை" என்றார்.

நான் எழுந்தேன். "ஒண்ணு இருக்கு. பலகை என் யோசனை. தப்பு. அந்த ஒரு வாரம் முதலிடம் வந்தது நான் திருட்டுத்தனமா ஓட விட்டது. அது அதைவிடத் தப்பு. எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னு பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க."

"சரி மாஸ்டர், அப்ப எதை வச்சுத்தான் பாக்கிறது?"

"பிள்ளைங்களைக் கேப்போமே. அதோ பக்கத்திலதானே இருக்காங்க."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பெரிய டீச்சர் முதல் ஆளாக எழுந்தார்.

ஆறாம் வகுப்பு. மீன் ஓடிக்கொண்டிருந்தது. "இந்தப் போர்டுல பாத்து என்ன கத்துக்கிட்டீங்க?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். ஒரு பையன் எழுந்து, "ஆரஞ்சு மீன் மூணாவது தடவை கல்லுக்குப் பின்னாடி போச்சுன்னா சாப்பாட்டு பெல் அடிக்கும் சார்" என்றான். வகுப்பே தலையாட்டியது. ஆராய்ச்சி என்றால் அது ஆராய்ச்சிதான், மறுக்க முடியாது.

பிறகு ஐந்தாம் வகுப்பு. திரை மேல் துணி. அதே கேள்வி. வாண்டு எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை, நேரே மருந்துக்கடைக்காரரைப் பார்த்தாள்.

"சார், ஒரு பாட்டில் தண்ணியையும் ஒரு ரப்பரையும் ஒண்ணா கீழ விட்டா எது முதல்ல விழும்?"

"இதென்னம்மா கேள்வி? பாட்டில்தான்."

ஓ என்று கூரை பெயர்கிற மாதிரி சிரிப்பு. "போட்டுப் பாருங்க சார்! போட்டுப் பாருங்க!" அவரை பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார்கள். அவர் போட்டார். "பாட்டில்தான்" என்றார். "கண்ணால பாத்தா அப்படித்தான் தெரியும்" என்றாள் ஒருத்தி. டீச்சர் போனை எடுத்தார். துணி விலகியது. தன் கையிலிருந்து தானே விட்ட பாட்டிலும் ரப்பரும் சமமாக இறங்குவதை மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தபடி பார்த்தார். "இன்னொரு தடவை போடும்மா" என்றார்.

எலக்ட்ரீஷியனை அனுப்பிவிட்டோம். பலகையையும் துடைத்தாயிற்று. நாலாம் வகுப்புக்குத் தேவைப்படும்போது ஐந்தாம் வகுப்புக்கு வந்து பார்க்கட்டும், அந்த நேரம் என் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று டீச்சரே சொன்னார். ஆறாம் வகுப்பில் மீனை அணைத்தபோது இரண்டு பிள்ளைகள் அழுததாகக் கேள்வி.

வீட்டில், சாப்பிடும்போது: "அப்பா, உப்பு."

நேரே என்னிடம்!

ஆகஸ்ட் 2, வெள்ளி

டீச்சர் ஆள் விட்டிருந்தார். வகுப்பில் அடுத்த சண்டை கிளம்பியிருக்கிறதாம். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் போட்ட பிறகு வண்டி இரண்டு மடங்கு தூரம்தான் போகுமா, அதற்கு மேலும் போகுமா? "உங்க வண்டியை மைதானத்துக்குக் கொண்டுவர முடியுமா சார்?" என்றார். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு போனேன்.

சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். முன்சக்கரம் கோட்டைத் தொடும்போது பிரேக் மிதிக்கவேண்டும், வண்டி நின்ற இடம் வரை அளப்பார்கள். பிள்ளைகள் எல்லோரும் தள்ளிச் சுவர் ஓரமாக. டீச்சர் பக்கவாட்டில் போனைப் பிடித்துக்கொண்டு. முதலில் மெதுவாக ஒரு ஓட்டம். அப்புறம் இரண்டு மடங்கு வேகம். சும்மா சொல்லக்கூடாது, கச்சிதமாக நிறுத்தினேன். இறங்கி, கைதட்டலுக்காகக் கொஞ்சம் நின்றேன்.

வகுப்பில் போட்டுப் பார்த்தார்கள். முதல் ஓட்டம் சரி. இரண்டாவதில் வண்டி மெல்ல மெல்ல கோட்டை நெருங்குகிறது. திடீரென்று நாற்பது குரல்: "நிறுத்துங்க டீச்சர்! நிறுத்துங்க!"

படம் நின்றது. வண்டிக்குப் பின்னால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிகிறது. முன்சக்கரத்துக்கும் கோட்டுக்கும் நடுவே இன்னும் ஒரு ஆள் படுக்கலாம்.

வாண்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், விரலால் அந்த இடைவெளியைத் தொட்டுக் காட்டினாள். "அப்பா, கோடு வர்றதுக்கு முன்னாடியே மிதிச்சிட்டீங்க."

"இருபது வருஷப் பழக்கம்டா. கால் தானா போகுது."

"அதெல்லாம் செல்லாது. மறுபடியும் ஓட்டணும்." சிரித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

டீச்சர் துணியை எடுத்துத் திரையின் மேல் போட்டார். எல்லோரும் மறுபடி மைதானத்துக்கு இறங்கினோம். இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டில்தான் மிதித்தேன்.

பிள்ளைகள் நம்பவில்லை. அதையும் போட்டுப் பார்த்தார்கள்.